ராயபுரத்துக்கு வண்டி வேண்டும், கண்ணாடிப் பெட்டி வேண்டாம்

ரயில்வே நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

சென்னை பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். வண்டி நிற்பது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பழைய கட்டடத்தின் உயரமான தூண்களை அண்ணாந்து பார்க்கிறார்கள்? பாதிப் பேர் போனில்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் புறப்பட்டது. ஆற்காட்டுப் பக்கம் இருக்கும் வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மும்பை–தானே (1853), ஹௌரா–ஹூக்ளி (1854) பாதைகள் நமக்கு முந்தியவை, மறுக்கவில்லை. ஆனால் அங்கே அன்று கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. ராயபுரத்துக் கட்டடம் நிற்கிறது. கோட்டையும் ஜார்ஜ் டவுன் வியாபாரிகளும் பக்கத்தில் இருந்ததால் ரயில் கம்பெனிக்காரர்களுக்கு இந்த இடம் தோதாக இருந்தது.

அந்த முதல் நாளில் ஓடியவை இரண்டு வண்டிகள். கவர்னர் ஹாரிஸ் பிரபுவும் சுமார் 300 ஐரோப்பியர்களும் வாலாஜா ரோடு வரை போனார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்களுக்கு இன்னொரு வண்டி, அது திருவள்ளூரோடு சரி. இந்த இரண்டாவது வண்டியைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தோன்றியது. நிலையத்தில் வரலாற்றுப் பலகை வைக்கும்போது கவர்னருக்கு ஒரு வரி கொடுங்கள், திருவள்ளூர் வண்டிக்கு இரண்டு வரி கொடுங்கள். தமிழில், நின்று படிக்கிற அளவு எழுத்தில்.

பிறகு நடந்தது தெரிந்த கதைதான். 1873இல் சென்ட்ரல் வந்தது, 1908இல் எழும்பூர் வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் 1922 வரை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் ராயபுரத்தில்தான் இருந்தது.

இங்கே பெரிய டெர்மினஸ் வேண்டும் என்று வடசென்னை மக்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். கட்டுங்கள். பழைய கட்டடத்தை மட்டும் கயிறு கட்டி, தள்ளி நின்று பார்க்கிற பொருளாக்கிவிடாதீர்கள். ரயில் நிலையத்துக்கு ஜனங்கள் வந்து போவதுதானே உயிர்? மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துபோய் வண்டி ஏறட்டும்.

உள்ளே ஒரே ஒரு டிக்கெட் கவுன்டர் திறங்கள். வாலாஜா ரோட்டுக்கு முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லோக்கல் ரயில் பயணி