கறுப்பு நூடுல்ஸுக்குத் தண்ணீர்க் கணக்கு முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் உணவுப் பகுதியில் கொரியாவின் காரமான கறுப்பு நூடுல்ஸ் பற்றி வந்த குறிப்பு, மற்ற நூடுல்ஸைப் போலவே மசாலாவைத் தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவிடச் சொல்கிறது. காரத்தைத் தாங்க முடிகிறதா என்பதே அதன் ருசி என்றும் முடிக்கிறது. இரண்டையும் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. அந்த முறையில் சமைத்தால் சாஸ் நூடுல்ஸில் ஒட்டாது. இனிப்பும் வறுத்த வெங்காய மணமும் தண்ணீரோடு கரைந்துபோய், உப்பும் எரிச்சலும் மட்டும்தான் நாக்கில் மிஞ்சும்.

இது ஜஜாங்மியோன் என்ற உணவின் பாக்கெட் வடிவம். 1883இல் கொரியாவின் இஞ்சோன் துறைமுகம் திறக்கப்பட்ட பிறகு, சீனாவின் ஷாண்டோங் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களின் சமையலிலிருந்து பிறந்து, கொரியர்களின் நாக்குக்கு ஏற்ப மாறிய உணவு. இஞ்சோனில் கோங்வாசுன் உணவகம் இருந்த பழைய கட்டடத்தில் 2012 முதல் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. நோங்ஷிம் நிறுவனத்தின் சாபகெட்டி என்ற பாக்கெட் ஜஜாங் நூடுல்ஸ் 1984இல் வந்தது. கார வகைகள் பின்னால் வந்தவை.

சாஸுக்கு அடிப்படை சுன்ஜாங் என்ற விழுது. சோயாவையும் கோதுமை மாவையும் சேர்த்துப் புளிக்கவைத்து, கேரமல் கலந்து கறுப்பாக்குகிறார்கள். உப்போடு இனிப்பும் லேசான கசப்பும் அதில் இருப்பது இதனால்தான். உணவகங்களில் இந்த விழுதை முதலில் எண்ணெயில் நன்றாக வதக்கிக் கசப்பைத் தணிப்பார்கள். பிறகு பன்றி இறைச்சி, வெங்காயம், முட்டைக்கோஸ் சேர்த்து, கடைசியில் ஸ்டார்ச் கரைசல் ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். பாக்கெட்டில் வரும் பொடியும் சிறு எண்ணெய் உறையும் இந்த வேலைகளுக்கு மாற்று. பொடி கெட்டிப்பட அளவான சூடான நீர் வேண்டும். எல்லாப் பிழையும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

ஒரு பாக்கெட்டுக்கு 600 மி.லி. தண்ணீர். நன்றாகக் கொதித்ததும் நூடுல்ஸையும் காய்ந்த காய்கறித் துண்டுகளையும் போட்டு 5 நிமிடம் வேகவிட வேண்டும். இந்த நூடுல்ஸ் தடிமனானது. மூன்று நிமிடத்தில் எடுத்தால் நடுவில் மாவு தட்டும். பிறகு 8 மேசைக்கரண்டி, அதாவது சுமார் 120 மி.லி., நீரை மட்டும் விட்டுவைத்து மீதியை வடிக்கச் சொல்கிறது பாக்கெட். கண்ணளவில் இது சரியாக அமைவதில்லை. முழுவதையும் ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, அந்த நீரிலிருந்தே அளந்து திரும்ப ஊற்றுவதுதான் நம்பகமான வழி. மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டாம். சாஸ் இறுகிவிட்டால் இரண்டு கரண்டி சேர்த்துத் தளர்த்தலாம். குழாய்த் தண்ணீரை விட, மாவுச்சத்து இறங்கிய இந்த நீர்தான் சாஸை நூடுல்ஸோடு பிடித்துவைக்கும்.

அடுப்பைச் சிறு தீயில் வைத்துப் பொடியைப் பரவலாகத் தூவி, ஒரு நிமிடம் விடாமல் கிளற வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் மேல்பகுதி மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்த கட்டியாக நிற்கும். நீர் வற்றிய பிறகு போட்டாலும் இதே கதிதான். பெருந்தீயில் கேரமல் அடிப்பிடித்துக் கசப்பு ஏறும். மணத்துக்காகக் கொடுக்கப்படும் எண்ணெயை அடுப்பை அணைத்த பிறகே ஊற்ற வேண்டும். புல்டாக் என்ற கொரியக் கார நூடுல்ஸ் போன்ற வகைகளில் பொடிக்குப் பதில் சாஸாகவே வரும். அதற்கு 30 விநாடி கிளறல் போதும். இரண்டு பாக்கெட்டை ஒன்றாகச் செய்யும்போது வடிநீரை இரட்டிப்பாக்கக் கூடாது. 200 மி.லி.க்கு மேல் போனால் சாஸ் நீர்த்துவிடும்.

இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். சூடும் காரமும் நாக்கின் ஒரே உணர்வேற்பியைத் தூண்டுவதால், கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட்டால் காரம் இன்னும் கூடுதலாகத் தெரியும், நுண்ணிய ருசி எதுவும் பிடிபடாது. முதல் வாயைத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் மெல்ல வேண்டும். முதலில் இனிப்பு, அடுத்து வதங்கிய வெங்காயமும் சோயாவின் ஆழமான உப்பும், கடைசியில் மெல்லிய கசப்பு. காரம் அதற்குப் பின்னால்தான் எழும்பி, வாய்க்கு வாய் சேர்ந்துகொண்டே போகும். இந்த வரிசை தெரிந்தால் சமையல் சரி. எடுத்த எடுப்பில் எரிச்சல் மட்டும் தெரிந்தால், தண்ணீரிலோ தீயிலோ எங்கோ தவறியிருக்கிறது.

காரம் கூடுதலாகப் பட்டால் சாஸைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது உங்கள் குறிப்பு. சாஸில் மிளகாயும் சுன்ஜாங்கும் கலந்தே இருப்பதால், காரத்தோடு கறுப்பு விழுதின் ருசியும் பாதியாகிவிடும். காரமில்லாத ஜஜாங் பாக்கெட் ஒன்றையும் கார பாக்கெட் ஒன்றையும் சேர்த்துச் சமைப்பதே மேல். காரம் மட்டும் பாதியாகும், ருசி குறையாது. வதக்கிய வெங்காயம், பொரித்த முட்டை, நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரி ஆகியவையும் தணிக்கும். கொரியர்கள் இதோடு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொள்வார்கள். அதன் புளிப்பும் இனிப்பும் எண்ணெய்ப் பிசுக்கை அறுத்து, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கும். எரிச்சலுக்குத் தண்ணீர் குடிப்பது வீண். மிளகாயின் கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. பாலிலும் கெட்டித் தயிரிலும் உள்ள கேசின் புரதம் அதைப் பிடித்து அகற்றும். நீர்மோருக்கு அந்தப் பலம் குறைவு.

குழந்தைகளிடையே இதைப் போட்டியாக வைத்துச் சாப்பிடும் பழக்கத்தை உங்கள் குறிப்பு ஊக்குவித்திருப்பது வருத்தமாக இருக்கிறது. அதிகக் காரமான கொரிய நூடுல்ஸில் மூன்று வகைகளை 2024 ஜூனில் டென்மார்க் திரும்பப் பெற உத்தரவிட்டதும், மறுமாதம் அவற்றில் இரண்டுக்கு மட்டும் தடையை விலக்கியதும் செய்தியாக வந்தவைதான். காரம் ஒருபுறம் இருக்க, இவ்வகைப் பாக்கெட் பலவற்றில் ஒன்றிலேயே 1000 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் வரம்பே 2000 மி.கி.க்குள்தான். சைவம் சாப்பிடுபவர்கள் பெயரை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். ஒரே பெயரில் மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சிச் சாறு சேர்த்தவையும் சேர்க்காதவையும் நாட்டுக்கு நாடு வேறாக விற்கின்றன. பச்சைக் குறியையும் சேர்மானப் பட்டியலையும் பார்ப்பது அவசியம்.

அளவுகளையும் வடிக்கும் முறையையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமையற்கலை ஆசிரியை,
திருச்சி.