மகளுக்குக் கட்டிய வீடும் 38 அங்குல பேசினும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வீடு கட்டுகிறவர்களுக்காக நீங்கள் போடும் பக்கத்தை ஒரு கிழமையும் விடாமல் வாசிக்கிறவன் நான். டைல்ஸ் வருகிறது, பெயின்ட் வருகிறது, கூரைத்தகடும் வந்தது. பாத்றூமில் கை, முகம் கழுவப் பூட்டுகிற பேசினைப் பற்றி ஒருத்தரும் எழுதக் காணோம், அதனால் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் மகளுக்கென்று வீடு கட்டினால் வயது போன காலத்தில் நாமும் அதே வீட்டில் ஒரு மூலையில்தான் இருக்கப்போகிறோம், தெரிந்த கதைதான். ஆனால் சாமான் எடுக்கப் போகும்போது அது ஞாபகத்துக்கு வருவதில்லை. மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கிரானைட் பலகை, அதன்மேல் சோற்றுக்கோப்பை கணக்காக ஒரு கண்ணாடி பேசின். இப்போது எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள் என்று கடைக்காரரும் சொல்ல, சரி என்று வாங்கிவிட்டோம். மேசன் வழக்கமான பேசினுக்குரிய 32 அங்குலத்திலேயே பலகையைக் கட்டினார், அதன்மேல் 6 அங்குலக் கோப்பை ஏறி உட்கார்ந்ததும் விளிம்பு 38 அங்குலத்துக்குப் போய்விட்டது. என் அம்மா எண்பதைத் தாண்டியவர், கூன் வேறு. முகம் கழுவக் கையைத் தூக்கினால் தண்ணீர் முழங்கை வழியே சட்டைக்குள் இறங்குகிறது. "ஏன் மகன், ஏணி ஒண்டும் வாங்கல்லியா?" என்று கேட்டார். மறுகா என்ன, பலகையை உடைத்து 26 அங்குலத்தில் திரும்பக் கட்டினோம்.

கோப்பை பேசின்தான் வேண்டும் என்றால் விளிம்பு 32, 33 அங்குலத்தில் நிற்க வேண்டும், அதிலிருந்து கோப்பையின் உயரத்தைக் கழித்துப் பலகையைக் கட்டச் சொல்லுங்கள், அளப்பது டைல்ஸ் ஒட்டிய நிலத்திலிருந்து. நிறைய கோப்பைகளில், தண்ணீர் நிரம்பினால் வழிந்து போகிற மேல் ஓட்டை இல்லை என்பதையும் பாருங்கள். எங்களுடையதிலும் இல்லை. பேரன் அடைப்பானை அமுக்கிவிட்டுப் பைப்பைத் திறந்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

அப்புறம் தண்ணீர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தாலும் எங்கள் வீட்டில் தொட்டிக்கு ஏற்றுவது கிணற்றுத் தண்ணீர், ஆடி ஆவணியில் அது உப்புக் கரிக்கும். கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது, காலையில் துடைத்தால் மத்தியானம் திரும்ப வருகிறது. வெள்ளைப் பீங்கானில் அது கண்ணுக்குத் தெரியாது, காவி பிடித்தாலும் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தால் ஓரளவு போகும். மாபிளில் மட்டும் தேசிக்காய் போட்டுவிடாதீர்கள், புளிப்பு பட்ட இடம் மங்கிப்போகும். அசிட்டும் அப்படித்தான், பைப்பின் மினுக்கத்தையும் கொண்டுபோகும். பைப்பு என்றால் கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை பாரமாக இருக்கும். எங்கள் தொட்டி பைப்புக்கு 3 மீற்றர் மேலே இருக்கிறது, அதில் கிடைப்பது ஏறக்குறைய 0.3 பார் அழுத்தம்தான், கூடிய அழுத்தத்துக்குச் செய்த, சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் பைப்பில் அது நூல் மாதிரித்தான் வடியும்.

சுவரில் தொங்கும் பேசினுக்கும் ஒரு சொல். பொள்ளல் புளொக் கல்லில் போல்ட் சரியாகப் பிடிக்காது, பூட்டும் இடத்தில் கல்லுக்குள் கொங்கிறீட் நிரப்பிவிட வேண்டும். பிள்ளைகள் அதில் தொங்குவார்கள் என்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பின்பக்கத்துப் பாத்றூமில் காலுள்ள சாதாரண வெள்ளை பேசின் ஒன்று பூட்டினோம், கண்ணாடிக் கோப்பையின் விலையில் கால்வாசிகூட வராது. காலையில் மகள் உட்பட எல்லாரும் வரிசையில் நிற்பது அதற்குத்தான். கரையோர உப்புத் தண்ணீருக்கு எந்த வகைப் பைப்பு தாக்குப்பிடிக்கும் என்று அனுபவமுள்ள குழாய் வேலைக்காரர் யாரையாவது கேட்டு உங்கள் பக்கத்தில் போட்டால் நல்லது, நான் இரண்டாவது வருடத்தில் மூன்றாவது பைப்பு வாங்க நிற்கிறேன்.

இப்படிக்கு,
வாசகன் ஒருவன்,
கல்லடி, மட்டக்களப்பு.