முதல் ஸ்மியர் சோதனைக்குப் போகும் மகளுக்கு

கண்ணம்மா,

கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கச் செய்யும் ஸ்மியர் சோதனைக்கு அழைப்பு வந்தும் தேதி வாங்காமல் தள்ளிப் போடுகிறாய் என்று தெரிகிறது. போனில் பேசினால் இரண்டு பேருமே மழுப்பிவிடுவோம், அதனால் எழுதுகிறேன்.

மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துத் தேதி வாங்கு. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் பிறப்புறுப்புக்குள் மருந்து, கிரீம் எதுவும் வேண்டாம், உடலுறவும் வேண்டாம். இடுப்புக்குக் கீழே மட்டும் உடையைக் கழற்றினால் போதும். மேலே போர்த்திக்கொள்ள ஒரு விரிப்பு தருவார்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொடைகளைத் தளர விடச் சொல்வார்கள். ஸ்பெகுலம் என்ற கருவி வாத்தின் அலகு மாதிரி இருக்கும். ஜெல் தடவி, மூடியபடியே மெதுவாக உள்ளே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விரிப்பார்கள். அப்போது அழுத்தம் தெரியும், உலோகமாக இருந்தால் சில்லென்றும் இருக்கும். பிறகு மெல்லிய பிரஷ்ஷைக் கருப்பை வாயில் சுழற்றிச் செல்களை எடுப்பார்கள். அடிவயிற்றில் லேசாகச் சுருக்கென்னும். செல்களை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மூச்சை அடக்காதே, அடக்கினால் தசை இறுகி வலி கூடும்.

வலித்தால் 'நிறுத்துங்கள்' என்று சொல், நிறுத்தியே ஆக வேண்டும். சின்ன அளவு ஸ்பெகுலம் கேள். பெண் நர்ஸ் வேண்டுமென்றால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடு. இதையெல்லாம் கேட்க நீ கூச்சப்படவே கூடாது, அது உன் உடம்பு.

அன்றைக்குக் கொஞ்சம் ரத்தக்கறை படலாம், பையில் ஒரு பேட் வைத்துக்கொள். நிறையப் போனால் டாக்டரைப் பார்.

முடிவைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறது என்று வந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து போகும் வைரஸ் அது. பெரும்பாலும் 2 வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். விடாமல் தங்கினால்தான் செல்கள் மாறும், அது புற்றுநோயாக வழக்கமாகப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்துச் சரிசெய்யத்தான் இந்தச் சோதனை. தேவைப்பட்டால் கால்போஸ்கோப்பி செய்வார்கள், அதாவது கருப்பை வாயைப் பெரிதாகக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று மட்டும் மனதைக் குடையாதே. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும் வைரஸ் அது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

தடுப்பூசி போட்டாயிற்றே என்பாய். அது எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுக்காது, அதனால் சோதனையும் வேண்டும். அப்புறம், மாதவிலக்குக்கு நடுவிலோ உடலுறவுக்குப் பின்னோ ரத்தம் பட்டால் இந்தத் தேதிக்காகக் காத்திருக்காதே, உடனே டாக்டரிடம் போ.

தேதி கிடைத்ததும் சொல். துணைக்கு வரட்டுமா? வேண்டாம் என்றாலும் சரி, வெளியே வந்ததும் ஒரு போன் பண்ணு.

அம்மா