மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்தவர்களுக்குக் கொலோனோஸ்கோபியும் சிகிச்சையும் கோரி மனு

அனுப்புநர்
மருந்தாளுநர் மற்றும் முகாம் தன்னார்வலர்,
மக்காலன், ஹிடால்கோ கவுண்டி, டெக்சாஸ்.

பெறுநர்
நிர்வாக ஆணையர் அவர்கள்,
டெக்சாஸ் சுகாதார, மனிதச் சேவைகள் ஆணையம்,
ஆஸ்டின்.

பொருள்: இன்சூரன்ஸ் இல்லாத ஹிஸ்பானிக் மக்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான அடுத்த கட்டப் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்க ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கவுண்டியில் பத்தில் ஒன்பது பேர் ஹிஸ்பானிக், அதாவது மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்கள். கொலோனியாக்கள் எனப்படும், அடிப்படை வசதி குறைந்த எல்லையோரக் குடியிருப்புகளில் நடக்கும் முகாம்களில் அவர்களுக்கு மலப் பரிசோதனைப் பெட்டிகளைக் கொடுத்து வருகிறேன். பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய ரத்தம் மலத்தில் உள்ளதா என்று அதில் பார்ப்பார்கள். அந்த அனுபவத்தில்தான் இந்த மனு.

நாட்டளவில் பார்த்தால், ஹிஸ்பானிக் மக்களுக்கு இந்த நோய் வெள்ளையரைவிட அதிகமாக வருவதில்லை; கொஞ்சம் குறைவுதான். ஆனால் பரிசோதனை செய்துகொள்பவர்களும் அவர்களில் குறைவு. அதனால் வெள்ளையரைவிட அவர்களுக்கு நோய் முற்றிய நிலையில் தெரிய வருவது அதிகம். குடலைத் தாண்டாத கட்டத்தில் கண்டுபிடித்தால் 100 பேரில் ஏறக்குறைய 90 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிவிட்டால் 20 பேர்கூடத் தேறுவதில்லை.

45 வயதிலிருந்தே பரிசோதிக்க வேண்டும் என்று 2021இல் பரிந்துரை வந்தது. இன்சூரன்ஸ் உள்ளவருக்குப் பெரும்பாலும் செலவில்லை. இல்லாதவருக்கும் மலப் பரிசோதனை எப்படியாவது கிடைத்துவிடுகிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகளில் கூலி வேலை பார்க்கும் ஒருவர். இங்கேயே பிறந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். பரிசோதனையில் ரத்தம் இருப்பது தெரிந்தது. கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள், அதில் சில தொலைபேசி எண்கள். கூப்பிட்ட இடமெல்லாம் முன்பணம் கேட்டார்கள். கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு முதல் நாளே வயிற்றைக் காலி செய்ய வேண்டும், மயக்கம் கொடுப்பதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். அதாவது இரண்டு பேருக்குக் கூலி போகும். அவர் போகவில்லை. கடைசியில் குடல் அடைத்து அவசரப் பிரிவுக்குத்தான் போனார். 1986ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி அங்கே யாரையும் திருப்பி அனுப்ப முடியாது, சரி. ஆனால் அந்தச் சட்டம் கீமோதெரபிக்குப் பொறுப்பேற்காது. ஏழைகளுக்கான பொது மருத்துவமனையாக டல்லாஸில் பார்க்லேண்ட் உண்டு, ஹூஸ்டனில் ஹாரிஸ் ஹெல்த் உண்டு. எங்கள் கவுண்டிக்கென்று பொது மருத்துவமனையே கிடையாது.

இதே ஏழ்மையில் உள்ள ஒரு பெண்ணுக்கு மார்பகத்திலோ கருப்பைவாயிலோ புற்றுநோய் வந்தால், தங்கள் ஆணையமே பரிசோதனை செய்து, தகுதியுள்ளவரை ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டில் சேர்த்துச் சிகிச்சையும் கொடுக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. நல்ல ஏற்பாடு. அதே பெண்ணுக்குக் குடலில் வந்தால் அந்த வழி இல்லை. மெடிக்கெய்டை டெக்சாஸ் விரிவுபடுத்தாததால், பிள்ளைகளும் ஊனமும் இல்லாத 65 வயதுக்குட்பட்ட பெரியவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பொதுவாக அதில் சேர முடியாது. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு மத்திய சட்டமே தடை என்பது தெரியும். நான் கேட்பது அந்தத் தடைக்கு வெளியே இருந்தும் கைவிடப்பட்டவர்களுக்காக.

2007இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய டெக்சாஸ் புற்றுநோய்த் தடுப்பு, ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு உதவாதா என்று கேட்கலாம். உதவுகிறது. ஆனால் அதன் தடுப்பு நிதியைச் சிகிச்சைக்குச் செலவிட முடியாது; திட்டக்காலம் முடிந்தால், நோயாளியைப் பின்தொடர வைத்திருந்த ஆளும் போய்விடுகிறார்.

ஆகவே, மத்திய வறுமைக்கோட்டு வருமானத்தில் இரு மடங்குக்குள் சம்பாதிப்பவருக்கு மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்தால், இலவசக் கொலோனோஸ்கோபிக்கான தொகையைச் சட்டமன்றத்துக்கு அனுப்பும் அடுத்த நிதிக் கோரிக்கையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புற்றுநோய் உறுதியானவர்களுக்கு மார்பகப் புற்றுநோய்த் திட்டம் போன்ற சிகிச்சை வழியைத் திறக்கச் சட்டமன்றத்திடமும் மத்திய அரசிடமும் அனுமதி கோரவும் வேண்டுகிறேன். மாநிலச் சான்று பெற்ற புரோமோத்தோராக்களை, அதாவது சமூகச் சுகாதாரப் பணியாளர்களை, இதற்கு நிரந்தரமாக அமர்த்தினால், ஸ்பானிஷில் பேசி, தயங்குபவர்களைக் கையோடு கூட்டிப்போவார்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். மாதிரிக் குழாயில் தேதி எழுத வேண்டும். மெக்சிகோவில் பள்ளிக்குப் போனவர்கள் நாளை முதலில் எழுதி, பிறகு மாதத்தை எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் படித்த நானும் அப்படித்தான். மார்ச் 5 என்று எண்ணி 5/3 எழுதினால், மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கப்படி ஆய்வகம் அதை மே 3 என்று படிக்கிறது. தேதி பொருந்தவில்லை என்று மாதிரி குப்பைக்குப் போகிறது. மாதத்தின் பெயரை ஸ்பானிஷில் அச்சிட்டு, வட்டமிடச் சொன்னால் போதும். இதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நடந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருந்தாளுநர், மக்காலன்.