டிஸ்கைப் பகிராதீர்கள், ஃபோல்டரைப் பகிருங்கள்: கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினித் துறைத் தலைவர்களுக்கும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

புதிதாக வாங்கிய என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்பகம்) பெட்டியில் ஐஸ்கஸி (டிஸ்கை நெட்வொர்க் வழியாகத் தரும் முறை) வழியாக ஒரு லன் (தனி டிஸ்க்போலத் தெரியும் சேமிப்புப் பகுதி) உருவாக்கி, அதே லன்னை இரண்டு மூன்று கணினிகளில் இணைத்து வைத்திருந்தால், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். முதல் நாள் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் வரும், கோப்புகள் திறக்கும், சேமிக்கவும் முடியும். சேதம் சத்தமில்லாமல் பின்னால் வருகிறது.

ஐஸ்கஸி கோப்புகளைப் பகிர்வதில்லை. 3260ஆம் போர்ட் வழியாக வெறும் பிளாக்குகளை, அதாவது டிஸ்கின் எண்ணிட்ட சிறு துண்டுகளை, அனுப்புகிறது, அவ்வளவுதான். எந்த பிளாக் காலி, எந்தக் கோப்பு எங்கே என்ற கணக்கை, இணைத்துக்கொண்ட கணினிதான் வைத்திருக்கிறது. அதிலும் ஒரு பகுதி அதன் ரேமில் இருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டங்கள் (இந்தக் கணக்கை வைக்கும் முறைகள்) இரண்டுமே டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்ற அடிப்படையில் வேலை செய்பவை. முதல் கணினி 5,000ஆம் பிளாக்கில் ஒரு மாணவியின் ப்ராஜெக்டைச் சேமிக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது கணினி வைத்திருக்கும் கணக்கில் அந்த பிளாக் இன்னும் காலிதான். அதனால் தன்னுடைய கோப்பை அங்கேயே எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பிறகொரு நாள் ரீஸ்டார்ட் செய்யும்போது செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி) ஓடி, பொருந்தாத கணக்கைச் சரிசெய்வதாக மிச்சமிருப்பதையும் வெட்டிப் போடும். ரெய்டு (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவைக் காக்கும் ஏற்பாடு) இருக்கிறது என்ற தைரியமும் இங்கே உதவாது. தவறாக எழுதப்பட்டதையும் அது இரண்டு டிஸ்கிலும் அப்படியே பத்திரமாக வைத்திருக்கும்.

ஒரே லன்னைப் பல சர்வர்கள் பயன்படுத்த வேண்டுமென்றால் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2, விஎம்எஃப்எஸ் போல, ஒன்று எழுதும்போது மற்றதைக் காத்திருக்க வைக்கும் ஃபைல் சிஸ்டம் வேண்டும். ஆய்வகத்துக்கு அது வீண் சுமை. ஐஸ்கஸி தேவைப்படும் இடத்தில் ஒரு லன்னுக்கு ஒரு கணினி என்று வையுங்கள். லன்னைத் தரும் என்ஏஎஸ் பக்கமான டார்கெட்டின் அனுமதிப் பட்டியலில் அந்த ஒரு கணினியின் ஐக்யூஎன் (ஐஸ்கஸியில் அதன் அடையாளப் பெயர்) மட்டும் இருந்தால், வேறொருவர் தெரியாமல் இணைக்கவும் வழியில்லை.

மாணவர் கோப்புகளுக்கு ஃபோல்டர் ஷேர்தான் சரி. விண்டோஸுக்கு எஸ்எம்பி, லினக்ஸுக்கு என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறை. இதில் கணக்கு வைப்பது சர்வர் மட்டுமே. அதற்காக ஆய்வகத்தில் இருக்கும் ஏதோ ஒரு விண்டோஸ் 10 அல்லது 11 ப்ரோ கணினியை சர்வராக்கிவிடாதீர்கள். அதில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள்தான். 30 பேர் உட்காரும் வகுப்பில் 21ஆவது கணினிக்கு மறுப்பு வரும். பழைய கணினியில் லினக்ஸும் சாம்பாவும் (லினக்ஸிலிருந்து எஸ்எம்பி ஷேர் தரும் மென்பொருள்) போட்டால் இந்த வரம்பு இல்லை.

எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 எங்கும் இயங்கக் கூடாது. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்), அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பழைய ஸ்கேனருக்காக எஸ்எம்பி1-ஐத் திறந்து வைப்பதைவிட, ஸ்கேன் செய்ததைப் பென் டிரைவில் எடுப்பது எவ்வளவோ மேல். ரவுட்டரில் எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். விண்டோஸ் 11 24எச்2 வந்தபின் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் திறக்கவில்லை என்றால், கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தாமல் என்ஏஎஸில் யூசர்களை உருவாக்குங்கள்.

என்எஃப்எஸ்-இல் ஒரு இடைவெளி போதும் கெடுதலுக்கு. எந்த ஃபோல்டர் யாருக்கு என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் கணினி முகவரியும் அதன் அனுமதிக்கான அடைப்புக்குறியும் ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் ஸ்பேஸ் விழுந்தால், எழுதும் அனுமதி அந்தக் கணினியை விட்டுவிட்டு, சர்வரை எட்டக்கூடிய எல்லாக் கணினிகளுக்கும் போய்விடும். யூசர்பெயர் ஒன்றாக இருந்து யூஐடி (யூசரை அடையாளம் காட்டும்) எண் கணினிக்குக் கணினி மாறினாலும் ஒருவர் கோப்பு இன்னொருவர் கைக்குப் போகும்.

வேகம் பற்றி: கிகாபிட் இணைப்பில் பெரிய கோப்பு ஒன்று நொடிக்கு 110 எம்பி அளவில் நகர வேண்டும். 11 எம்பியிலேயே நின்றால் புது டிஸ்க் வாங்கக் கிளம்பாதீர்கள். கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகாமல் இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெட்டியை நிறுவித் தருபவரிடம் கையெழுத்திடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கணினியில் புதிய கோப்பு உருவாக்கி, இன்னொன்றில் எஃப்5 அழுத்துங்கள். ஃபோல்டர் ஷேராக இருந்தால் உடனே தெரியும். டிஸ்கை ஆஃப்லைனாக்கி மீண்டும் ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால்தான் தெரிகிறது என்றால், ஒரே லன் இரண்டு பக்கமும் இணைந்திருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள். அந்த லன்னில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தால், எல்லாக் கணினிகளிலும் இனிஷியேட்டரை (லன்னை இணைக்கும் மென்பொருள்) துண்டித்து, என்ஏஎஸில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுங்கள். பிறகு ஒரே ஒரு கணினியில் ரீட்-ஒன்லியாக இணைத்து, கோப்புகளை வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். அது முடியும்வரை செக்டிஸ்கைத் தொடாதீர்கள்.