தான்சானியா வனவிலங்கு ஆராய்ச்சி நிறுவனத்தாருக்கு: செலூஸ் யானைகளை ஆண்டுதோறும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தெற்குத் தான்சானியாவில் உள்ள செலூஸ்–மிக்குமி வனப்பரப்பின் யானைக் கணக்கெடுப்புகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். அங்கே வான்வழிக் கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்துங்கள். பணம் போதாத ஆண்டில், இறந்துகிடக்கும் யானைகளையாவது எண்ணிவிடுங்கள்.

1976இல் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த யானைகள், உங்கள் நாட்டுக் கணக்கெடுப்புகளின் மதிப்பீட்டில் 2006இல் ஏறத்தாழ 70,000 ஆகவும், 2009இல் 39,000 ஆகவும், 2013இல் 13,000 ஆகவும் குறைந்தன. ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று ஆண்டுகள், பிறகு நான்கு ஆண்டுகள். தந்தத்துக்காகக் கொல்லும் கும்பல்களுக்கு அந்த இடைவெளியே போதுமானதாக இருந்தது. 2014இல் யுனெஸ்கோ செலூஸை அழிவபாயத்தில் உள்ள உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்த்தபோது, காப்பாற்றியிருக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் சிறு மாற்றம் மதிப்பீட்டின் பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துவிடும் என்று வல்லுநர்கள் கூறுவார்கள். உண்மைதான். அதனால்தான் சடலங்களை வலியுறுத்துகிறேன். தரையிலிருந்து சுமார் 300 அடி உயரத்தில் நேர்கோட்டில் பறக்கும் சிறு விமானத்தின் பின்னிருக்கையில் இருப்பவர், இறக்கையைத் தாங்கும் தண்டில் பொருத்திய இரண்டு குச்சிகளுக்கு இடையே தெரியும் நிலப்பட்டையை மட்டும் பார்த்து எண்ணுகிறார். அண்மையில் இறந்த யானை என்றால், உடல் அழுகி வழிந்த நீரில் புல் கருகி, சடலத்தைச் சுற்றிக் கறுத்த திட்டு தெரியும். நாளானால் எலும்புகள் வெளுத்துச் சிதறி, அந்தத் திட்டில் மறுபடி புல் முளைத்திருக்கும். எத்தனை யானைகள் அண்மையில் இறந்தன, எத்தனை முன்னரே இறந்தன என்பதை அவர் மேலிருந்தே பிரித்துச் சொல்லிவிடுவார். உயிருள்ளவையும் இறந்தவையும் சேர்ந்த நூற்றில் சடலங்கள் எட்டைத் தாண்டினால் யானைக் கூட்டம் சரிந்து வருகிறது என்று கொள்வது இத்துறையின் வழக்கம். இதையெல்லாம் நீங்களே பதிவுசெய்து வருகிறீர்கள். நான் கேட்பது அதை ஆண்டு தவறாமல் செய்ய வேண்டும் என்பதே.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1967 முதல் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஆண்டுதோறும் வானிலிருந்து எண்ணினார்கள். பிரிக்கப்படாத பழைய செலூஸ் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. செலவும் அதற்கேற்பக் கூடும் என்பதை அறிவேன். ஆனால், 2013ஐ அடுத்து 2014இலேயே நீங்கள் மீண்டும் எண்ணினீர்கள். ஏறத்தாழ 15,000 என்று வந்த அந்த மதிப்பீட்டால்தான் சரிவு நின்றிருக்கிறது என்று நம்ப முடிந்தது.

2019இல் செலூஸின் பெரும்பகுதி நியரேரே தேசியப் பூங்காவாகப் பிரிக்கப்பட்டது. இரு நிர்வாகங்களின் எல்லையிலும் ஒரே முறையில், ஒரே வறண்ட பருவத்தில் பறந்து எண்ணி, சடலக் கணக்கைப் பிழை வரம்புடன் அடுத்த மழைக்கு முன்பே பொதுவில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அறிக்கைகளின் வாசகன்