பயிலரங்கு சிகிச்சை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் ஊரில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய, என்.எல்.பி. எனப்படும் நரம்பியல் மொழி நிரலாக்கம் (பேச்சையும் எண்ணப் பழக்கங்களையும் மாற்றி நடத்தையை மாற்றலாம் என்னும் முறை) பற்றிய இரண்டு நாள் சுயமுன்னேற்றப் பயிலரங்கில் கலந்துகொண்டேன். குறுக்கிடாமல் ஐந்து நிமிடம் அடுத்தவர் பேச்சைக் கேட்கும் பயிற்சி உண்மையிலேயே பயன் தந்தது.

ஆனால், இம்முறையை மூளை அறிவியல் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 1970-களில் கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் பாண்ட்லரும் ஜான் கிரிண்டரும், வர்ஜீனியா சாட்டிர் போன்ற உளச்சிகிச்சையாளர்கள் பேசும் விதத்தைக் கவனித்துத் தொகுத்த முறை இது. நரம்பியல் ஆய்வகத்தில் பிறந்ததன்று. கண் வலப்புறம் மேலே சென்றால் அவர் பொய் சொல்கிறார் என்றும் கற்பித்தார்கள். உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் அக்கூற்றைச் சோதித்து, அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2012-லேயே வெளியிட்டுவிட்டனர்.

என் பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர், அங்கே கற்பித்தபடி தன்னம்பிக்கையை வரவழைப்பதற்காகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டே இருந்தார். மனச்சோர்வுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை இனி நிறுத்திவிடலாமா என்று அவர் எழுந்து கேட்டபோது, “அது உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது” என்று மேடையிலிருந்து பதில் வந்ததுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது. மருத்துவரைக் கேளுங்கள் என்ற ஒரு சொல் அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. இடைவேளையில் நான்தான் அவரிடம் சொன்னேன்.

இப்பயிற்சி மருத்துவச் சிகிச்சைக்கு மாற்றாகாது என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே தமிழில் அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
திருச்சி